அம்பாசிடரின் காய்ச்சலும் உடுமலை சாலை ரேடியேட்டர் கடையும்

பெயர்ப்பலகை இல்லாத கடை என்பதால் முதலில் அடையாளம் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சியிலிருந்து உடுமலை போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் இடது பக்கம் ஒரு தேங்காய் மண்டி வரும். அதை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. வாசலில் பழைய ரேடியேட்டர்களை, அதாவது எஞ்சின் தண்ணீரை ஆறவைக்கிற பெட்டிகளை, சுவரோடு சாய்த்து அடுக்கியிருப்பார்கள். உள்ளே ஒரு சிமெண்ட் தொட்டி, நிறையத் தண்ணீர். லாரிக்காரர்களிடம் "ரேடியேட்டர் பாய் கடை" என்று கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள். எனக்கும் ஒரு லாரி ஓட்டுநர்தான் சொன்னார்.

நான் வால்பாறையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. அம்மா பொள்ளாச்சியில் இருக்கிறார். திங்கட்கிழமை விடியற்காலையில் மலை ஏறினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்குவேன். வண்டி, அப்பா 1994-இல் வாங்கிய அம்பாசிடர் டீசல், 1489 சிசி எஞ்சின். ஆர்.சி. புதுப்பித்து, எஃப்.சி. காட்டி இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 2014-இல் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் தயாரிப்பு நின்றுபோன பிறகு, சின்னச் சின்ன சாமானுக்குக்கூட நாலு கடை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. விற்றுவிடு என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அப்பா கடைசி வரைக்கும் தன் கையால் துடைத்த வண்டி. எனக்கு விற்க மனசில்லை. அதனால்தான் அதைச் சரியாகப் பார்க்கத் தெரிந்த ஒருவர் கிடைத்ததும் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்துவிட்டேன்.

போன மார்ச்சில் ஆரம்பித்தது. ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டி மலை ஏறத் தொடங்கினால் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கும். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்று ஒரு காட்சிமுனை. அங்கே நின்று பார்த்தால் ஆழியாறு அணை முழுதும் கீழே தெரியும், பாறையில் வரையாடுகள் நிற்கும். அதுவரை ஒரு நாளும் வண்டியை அங்கே நிறுத்தியதில்லை. அன்றைக்கு வண்டியே நிறுத்திவிட்டது. ஏழாவது வளைவிலேயே சூடு காட்டுகிற முள் பாதியைத் தாண்டியது. எட்டில் சிவப்பைத் தொட்டது. ஒன்பதில் பானட் இடுக்கிலிருந்து ஆவி. ஓரம் கட்டி பானட்டைத் திறந்து, துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியில் கை வைத்தேன். பின்னால் வந்த எஸ்டேட் ஜீப்காரர் ஓடி வந்து, "கையை எடுங்க டீச்சர், மூஞ்சில அடிச்சிரும்" என்று என்னைப் பின்னால் இழுத்துவிட்டார். அவர் சொன்னது முழு உண்மை. உள்ளே அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர், மூடி திறந்த நொடியில் அழுத்தம் போய் மொத்தமாகக் கொதித்து மேலே பாயும். முகம், கை, கழுத்து எல்லாம் வெந்துவிடும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் யாராயிருந்தாலும் இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மூடியைத் தொடுவதற்கு முன் வண்டி கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆற வேண்டும். கொதிக்கிற எஞ்சின்மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டுவதும் கூடாது. இரும்பு விரிசல் விட்டுவிடும். முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். பிறகு அவர் கேனிலிருந்தே தண்ணீர் ஊற்றி, ஜீப்பைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வழியில் இருக்கிற அட்டகட்டி ஊர் வரை துணைக்கு வந்தார்.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் வண்டியை இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். "ஹெட் கேஸ்கட் போச்சு" என்றார்கள். எஞ்சினுக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு அது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பழைய வண்டி, ஆவி வந்துச்சுன்னா கேஸ்கட்தாங்க" என்று பதில் வந்தது. ஹெட்டைக் கழற்றி, ஃபேசிங் அடித்து (அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவி), புது கேஸ்கட் போட்டு 11,500 ரூபாய் வாங்கினார்கள். திங்கட்கிழமை ஏறினேன். அதே ஒன்பதாவது வளைவு, அதே ஆவி. இன்னோர் இடத்தில், எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி என் கையில் கொடுத்து, "இது நம்ம ஊருக்குத் தேவையே இல்லைங்க, குளிர் நாட்டுக்காரனுக்குத்தான்" என்று அனுப்பிவைத்தார்கள். அதற்குப் பிறகு மலையில் சூடானது குறையவில்லை. சமவெளியில் மட்டும் எஞ்சின் சூடே ஏறாமல் புகை தள்ளியது, டீசலும் கூடுதலாகக் குடித்தது. வால்பாறைக் காலைப் பனியில் வண்டி ஒழுங்காக ஓடக் கால் மணி நேரம் ஆனது. இரண்டு இடத்திலும் நான் கேட்ட கேள்விக்கு என்னைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. கூட வந்திருந்த பதினெட்டு வயதுத் தம்பி மகனைப் பார்த்துத்தான் சொன்னார்கள். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஏப்ரல் கடைசியில், பள்ளி விடுமுறை விட்டதும், பாய் கடைக்குப் போனேன். அவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். வண்டியைப் பார்த்ததும் பானட்டைத் திறக்கச் சொல்லவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

"எங்க சூடாகுதுங்க டீச்சர்? ஊருக்குள்ள டிராஃபிக்ல நிக்கையிலயா, மலை ஏறையிலயா?"

"ஏறும்போது மட்டும்தான் பாய். ஊருக்குள் எவ்வளவு நேரம் நின்றாலும் ஒன்றும் ஆகாது."

"எந்த கியர்ல?"

"இரண்டாவதில். எஞ்சின் இரைந்துகொண்டே ஏறும்."

"கோவை ரோட்டுல நல்லா ஓட்டிப் பாத்தீங்களா?"

"எழுபதைத் தாண்டினால் முள் கொஞ்சம் மேலே போகும். வேகத்தைக் குறைத்தால் இறங்கிவிடும்."

"தண்ணி குறையுதா? காலையில வண்டிக்கு அடியில ஈரம் இருக்கா? சைலன்சர்ல வெள்ளப் புகை விடாம வருதா?"

இப்படி ஒரு பத்து நிமிடம். நடுவில் எழுந்து போய் வேறொரு லாரிக்காரருக்குப் பதில் சொல்லிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். என்னிடம்தான் கேட்டார், என் பதிலைத்தான் கேட்டார். பிறகு அவர் சொன்ன கணக்கு எனக்கு அப்படியே மனதில் நிற்கிறது. நிற்கும்போது சூடாகி, ஓடும்போது ஆறினால் காற்றுதான் பற்றவில்லை. விசிறியைப் பார், பெல்ட்டைப் பார், ரேடியேட்டர் முன்னால் தூசி அடைத்திருக்கிறதா என்று பார். நிற்கும்போது சும்மா இருந்து, சுமை ஏறும்போது சூடானால் தண்ணீர் ஓட்டம் பற்றவில்லை. ரேடியேட்டர் உள் அடைப்பு, ஹோஸ், வாட்டர் பம்ப் இவற்றைப் பார். காலையில் ஸ்டார்ட் செய்த ஐந்து நிமிடத்திலேயே முள் துள்ளினால், தெர்மோஸ்டாட் மூடியபடியே மாட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது கேஸ்கட் வழியாகப் புகை தண்ணீருக்குள் வருகிறது. சொட்டே தெரியாமல் தண்ணீர் குறைந்தால் மூடி, இல்லையென்றால் கேஸ்கட். "நீங்க சொல்றது ரெண்டாவது கேஸுங்க" என்றார். அதற்குள்ளேயே பாதி விஷயம் முடிந்துவிட்டது. மற்ற இரண்டு இடத்திலும் இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

இருந்தாலும் கேட்டதை வைத்து மட்டும் முடிவு கட்டவில்லை. வண்டி ஆறியிருந்ததால் மூடியைத் திறந்தார். தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இருந்தது. ஆயில் கம்பியை உருவித் துணியில் தேய்த்துக் காட்டினார். "பால்காப்பி மாதிரி இருந்தா தண்ணி ஆயில்ல கலந்திருக்குன்னு அர்த்தம். உங்களுது சுத்தமா இருக்கு" என்றார். அப்புறம் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஃபேன் பெல்ட்டைக் கழற்றினார், வாட்டர் பம்ப் சுற்றக் கூடாது என்பதற்காக. ரேடியேட்டர் வாய் வரைக்கும் தண்ணீர் ஊற்றி அசையாமல் விட்டார். என்னை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓடவிட்டார். "இப்ப வந்து பாருங்க, குமிழி வருதா?" கண்ணாடி மாதிரி தண்ணீர். ஒரு குமிழிகூட இல்லை. கேஸ்கட் போயிருந்தால் சிலிண்டர் புகை இந்த வழியாகக் கொப்பளித்து வந்திருக்கும். கேஸ்கட் புதிதாகப் போட்டதுதான் என்று அவரிடம் சொன்னேன். பழைய கேஸ்கட்டைப் பார்த்தீர்களா என்று கேட்டார். காட்டவில்லை என்றேன். அதற்கு மேல் அந்த ஒர்க்‌ஷாப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்தது மூடி. சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு கைப் பம்ப், மேலே அழுத்தம் காட்டும் மீட்டர். மூடியை அதில் மாட்டி அடித்தார். என் வண்டி மூடியில் 7 என்று பொறித்திருக்கிறது, அதாவது சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் வரை தாங்க வேண்டும். முள் இரண்டுக்கு மேல் போகவே இல்லை. அடிக்க அடிக்கக் காற்று வெளியேறிக்கொண்டே இருந்தது. உள்ளே இருக்கிற ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போயிருந்தது.

இங்கே ஆசிரியையாகக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும் என்று பதினொன்றாம் வகுப்புக்குக் குக்கரை வைத்து வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிறேன். ரேடியேட்டர் மூடியும் குக்கர் வெயிட்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. 7 பவுண்டு மூடி நன்றாக இருந்தால் சமவெளியில் தண்ணீர் 110 டிகிரியைத் தொடும் வரை கொதிக்காது. மூடி செத்துவிட்டால் 100-லேயே கொதிக்கும். மலை ஏற ஏற அதுவும் குறையும். வால்பாறை கிட்டத்தட்ட 3,500 அடி உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதாவது எஞ்சினுக்கு உழைப்பு அதிகமாகிற அதே இடத்தில், தண்ணீர் தாங்குகிற எல்லையும் கீழே இறங்குகிறது. ஒன்பதாவது வளைவின் கணக்கு எனக்கு அந்தக் கைப்பம்பைப் பார்த்தபோதுதான் முழுதாகப் புரிந்தது.

ஆனால் மூடியை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கலாமே, அவர் அனுப்பவில்லை. "மூடி போனா கொதிக்கும், சரி. ஆனா அந்த அளவுக்குச் சூடு ஏன் ஏறுது? அதைப் பாக்கணுமில்ல" என்றார். பெல்ட்டைத் திரும்ப மாட்டி, விரலால் அழுத்திப் பார்த்தார். அரை அங்குலம் தணிந்தது, போதும் என்றார். எஞ்சினைச் சூடாக்கி, என்னை ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்தச் சொல்லிவிட்டு, குனிந்து கீழ் ஹோஸைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இன்னும்... இன்னும்... போதும்!" என்று கத்தினார். பிறகு தன் மகனை வண்டிக்குள் உட்காரவைத்து, என்னைக் கூப்பிட்டு அந்த இடத்தில் நிற்கச் சொன்னார். துப்பட்டாவை இடுப்பில் நன்றாகச் சொருகிக்கொள்ளச் சொல்லி, ஃபேன் பக்கம் கை போகவே கூடாது என்றார்.

அந்தக் காட்சியை மறக்க முடியாது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது கீழ் ஹோஸ் உருண்டையாக, சாதாரணமாக இருந்தது. இரைச்சல் கூடக் கூட, அதன் நடுப்பகுதி மெல்ல உள்ளே குழிந்தது. இளநீரைக் கடைசியாக உறிஞ்சும்போது நம் கன்னம் ஒட்டுமே, அந்த மாதிரி. இன்னும் கொஞ்சம் இரைந்ததும் இரண்டு பக்கமும் ஒட்டி, பட்டையாகிவிட்டது. காலை எடுத்ததும் "டப்" என்று பழையபடி உருண்டது. ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குத் தண்ணீர் போகிற ஒரே வழி அதுதான். மலையில் இரண்டாம் கியரில் நான் ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டிருந்த ஒவ்வொரு நிமிடமும் அந்த வழி மூடியே இருந்திருக்கிறது. ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது திறந்துவிடும். எந்த ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தினாலும் வண்டி ஒழுங்காகத்தான் இருக்கும்.

கீழ் ஹோஸுக்குள் ஒரு சுருள் கம்பி இருக்க வேண்டுமாம், உறிஞ்சும்போது ஒட்டாமல் இருப்பதற்கு. என் வண்டியில் அது இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஹோஸ் மாற்றியபோது பழைய ஹோஸோடு கம்பியும் குப்பைக்குப் போயிருக்கிறது. மூடி நன்றாக இருந்தால் உள்ளே இருக்கிற அழுத்தமே ஹோஸை விரித்துப் பிடித்திருக்கும். மூடியும் போனதால் தடுக்க ஒன்றுமில்லை. சரி, பம்ப் ஏன் அவ்வளவு உறிஞ்ச வேண்டும்? ரேடியேட்டர் தண்ணீரை விடவில்லை என்பதால்.

அதையும் நிரூபித்துக் காட்டினார். எஞ்சினை அணைத்துவிட்டு, ஃபேன் இதழ்களுக்கு நடுவே கையை விட்டு, விரல்களின் பின்பக்கத்தால் ரேடியேட்டரைத் தொட்டும் தொடாமலும் தடவிக்கொண்டே போனார். மேலிருந்து கீழாகச் சில இடங்களில் சாக்பீஸால் கோடு போட்டார். அவர் மகனிடம் துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானி இருக்கிறது. தொடாமலே சிவப்புப் புள்ளி அடித்து அளக்கும். அவன் அந்தக் கோடுகளின்மேல் அடித்துப் பார்த்தான். கோட்டுக்கு வெளியே 82, 84. கோட்டுக்கு உள்ளே 53, 55. சூடான தண்ணீர் ஓடுகிற குழாய் சூடாக இருக்கும், அடைத்த குழாய் ஆறிக் கிடக்கும். பாய் கையால் போட்ட கோடு ஒன்றுகூடத் தப்பவில்லை. மகன் அதைச் சொல்லிச் சிரித்தான், அவர் காதில் வாங்காத மாதிரி பீடியைத் தேடினார்.

அப்புறம்தான் தொகை சொன்னார். ரேடியேட்டரை இறக்கி, தலையை, அதாவது மேல் தொட்டியைத் திறந்து, குழாய்களுக்குள் ராடு (மெல்லிய கம்பி) விட்டுச் சுத்தம் செய்து, திரும்ப ஈயம் வைத்துத் தர 2,400. ஸ்பிரிங் வைத்த கீழ் ஹோஸ் 420, மூடி 160, தெர்மோஸ்டாட் 380, கூலண்ட் 4 லிட்டர் 790. மொத்தம் 4,150. நான் கேஸ்கட்டுக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

சனிக்கிழமை நான் கூடவே இருந்து பார்த்தேன். அம்பாசிடர் ரேடியேட்டர் பித்தளையும் செம்பும். மேலே ஒரு தொட்டி, கீழே ஒரு தொட்டி, நடுவில் தட்டையான மெல்லிய குழாய்கள். மேல் தொட்டியைச் சுற்றி ஓடுகிற ஈயத்தை நெருப்பு காட்டி உருக்கி, மூடியைக் கழற்றுவது போல அலுங்காமல் தூக்கி எடுத்தார். உள்ளே பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. வெந்நீர் வைக்கிற பாத்திரத்தின் அடியில் பிடிக்குமே உப்புப் படிவம், அது குழாய் வாயெல்லாம் தடித்துக் கிடந்தது. எங்கள் வீட்டு போர் தண்ணீரை இத்தனை வருஷம் ஊற்றியதன் பலன். பித்தளை கடத்துகிற வெப்பத்தில் நூற்றில் சில பங்கைத்தான் இந்தப் படிவம் கடத்தும், ஆகவே அடைக்காத குழாயிலும் மெல்லிய பூச்சு பிடித்தாலே போதும், சூடு வெளியே போகாது. படிவத்துக்கு இடையில் மஞ்சளாகக் களிமண் மாதிரி ஏதோ இருந்தது. பாய் விரலால் எடுத்து முகர்ந்து, "மஞ்சள் தூள் போட்டீங்களா?" என்றார். அப்பா இருந்தபோது ஒரு தடவை பழனி போகும் வழியில் ரேடியேட்டர் ஒழுகி, ஓட்ட வந்த அண்ணன் பெட்டிக்கடையில் மஞ்சள் தூள் வாங்கிப் போட்டது ஞாபகம் வந்தது. ஒழுகல் அன்றைக்கு நின்றது உண்மைதான். ஆபத்துக்குப் போடலாம், ஆனால் ஊருக்கு வந்ததும் கழுவி எடுத்துவிட வேண்டும் என்றார் பாய். நாங்கள் எடுக்கவில்லை. ஓட்டையை அடைக்கிற எதுவும் குழாயையும் அடைக்கும்.

மெல்லிய பட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் மேலிருந்து விட்டு, அடி வரை இறக்கி, இழுத்து எடுத்தார். ஒவ்வொரு தடவையும் கம்பியோடு சாம்பல் மாதிரி பொடி வந்தது. அவசரம் காட்டினால் குழாய் கிழிந்துவிடும் என்பதால் அவரே செய்தார், மகனிடம் கொடுக்கவில்லை. பாதிக்குக் கொஞ்சம் குறைவான குழாய்கள் அடைத்திருந்தன. வெளிப்பக்கம் தகடுகளின் இடுக்கில் தென்னைநார்த் தூசி கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது. பொள்ளாச்சியில் நார் மில்கள் இருக்கிற சாலையில் ஓடுகிற வண்டிக்கெல்லாம் இது உண்டு என்றார். அதைப் பின்பக்கமிருந்து முன்பக்கமாகக் காற்றடித்து எடுத்தார்கள். தலையைத் திரும்ப வைத்து ஈயம் ஓட்டி, வாய்களை ரப்பர் அடைத்து, காற்றைச் செலுத்தி, சிமெண்ட் தொட்டியில் முக்கிக் குமிழி பார்த்தார்கள்.

தெர்மோஸ்டாட் வேண்டாம் என்றுதானே சொன்னார்கள் என்று கேட்டேன். "வேண்டாம்னா கம்பெனிக்காரன் ஏன் வைக்கிறான்? மலை மேல காலையில எஞ்சின் சூடு புடிக்கணுமில்ல டீச்சர்" என்றார். புதிதாக வந்த தெர்மோஸ்டாட்டையும் அப்படியே மாட்டவில்லை. அதன் வாயில் ஒரு நூலைச் சிக்கவைத்து, அடுப்பில் ஒரு அலுமினியச் சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டார். வெப்பமானியை என் கையில் கொடுத்தார்கள். 70, 75, 80. ஒன்றும் நடக்கவில்லை. 83-இல் நூல் தளர்ந்து, தெர்மோஸ்டாட் "டொக்" என்று சட்டி அடியில் விழுந்தது. வாய் திறந்துவிட்டது. அதன் தலையில் பொறித்திருந்த எண் 82. என் பள்ளி ஆய்வகத்தில் இவ்வளவு அழகான ஒரு சோதனையை நான் செய்து காட்டியதில்லை. இந்த ஜூனில் அதை வாங்கிக்கொண்டு போய் வகுப்பிலேயே செய்துவிட்டேன்.

கூலண்ட் விஷயத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம். கூலண்ட்டும் பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரும் பாதிப் பாதி. போர் தண்ணீர் ஒரு சொட்டு கூடாது. குளிர் நாட்டில் தண்ணீர் உறையாமல் இருக்கத்தானே கூலண்ட், நம் ஊரில் உறையப் போவதில்லையே என்று பலர் கேட்பார்கள். கூலண்ட் இங்கே துருவையும் படிவத்தையும் தடுக்கத்தான், கொதிநிலையையும் கொஞ்சம் ஏற்றிக்கொடுக்கும். ஊற்றியபின் மூடியைத் திறந்தே வைத்து, முன்சக்கரத்தை ஒரு மேட்டில் ஏற்றி நிறுத்தி, மேல் ஹோஸைப் பிசைந்துகொண்டே ஓடவிட்டார். உள்ளே மாட்டிய காற்று குபுக் குபுக்கென்று வெளியேறியது. காற்று நின்றபின் நிரப்பி மூடினார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மாலை தருகிறேன் என்றவர் ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் கொடுத்தார். லாரிக்காரர் அவசரம் என்று வந்தால் நம் வேலையை நடுவில் வைத்துவிடுவார். கேட்டால் "அவன் லோடு ஏத்தி நிக்கிறானுங்க" என்பார். கையில் எழுதிய சீட்டுதான், முறையான பில் இல்லை. பெண்கள் உட்கார்ந்து காத்திருக்கிற மாதிரி இடமோ கழிப்பறையோ கிடையாது. நான் மண்டிக்காரர் வீட்டில்தான் கேட்டுப் போனேன், அவர்கள் நல்லவர்கள். ஆசிட்டும் ஈயமும் உருகுகிற நெடி தொண்டையைப் பிடிக்கும். குழந்தைகளை அழைத்துப் போகாதீர்கள். பாயும் மகனும் முகத்துக்கு ஒன்றும் கட்டாமல்தான் அந்தப் புகையில் நிற்கிறார்கள். அது எனக்குக் கவலையாக இருந்தது, சொன்னேன். அடுத்த முறை போனபோது மகன் மட்டும் முகக்கவசம் போட்டிருந்தான்.

இன்னொன்று. வண்டி எடுத்துப் பத்து நாளில் மேல் தொட்டி மூலையில் ஈயம் வைத்த இடத்தில் பச்சையாகக் கசிவு தெரிந்தது. கொண்டுபோனேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. "என் தப்புங்க" என்று சொல்லி, அப்போதே இறக்கி, பற்றவைத்து, திரும்பத் தொட்டியில் முக்கிக் காட்டி அனுப்பினார். காசு நீட்டியதற்குக் கையை மடக்கிவிட்டார். கூலண்ட் குறைந்ததற்கு மட்டும் 150 ரூபாய் வாங்கிக்கொண்டார். முதல் தடவையே கசியாமல் இருந்திருக்க வேண்டும், அது வேலையில் குறைதான். ஆனால் குறையை ஒத்துக்கொண்ட விதத்தில் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

புது வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியும் வைத்த ரேடியேட்டருக்கு இவர் ராடு விடமாட்டார். வெளியே கழுவித் தருவார், மூடி, ஹோஸ், கசிவு எல்லாம் சோதித்துச் சொல்வார். உள்ளே அடைத்திருந்தால் புதிது வாங்கச் சொல்லிவிடுவார். எலெக்ட்ரிக் ஃபேன் ஓடாமல் சூடாகிற கார்களுக்கு வயரிங் பார்ப்பவரிடம் போகச் சொல்வார். தெரியாததைத் தெரியும் என்று கைவைக்க மாட்டார். அம்பாசிடர், பழைய ஜீப், டிராக்டர், லாரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு விடலாம்.

ஜூன் முதல் வாரம் பள்ளி திறந்தது. திங்கட்கிழமை விடியற்காலை தனியாக ஏறினேன். மகனிடம் அந்தத் துப்பாக்கி வெப்பமானியை ஒரு வாரத்துக்குக் கேட்டு வாங்கியிருந்தேன். ஒன்பதாவது வளைவில் நானாகவே ஓரம் கட்டி, எஞ்சின் ஓடும்போதே தள்ளி நின்று அடித்துப் பார்த்தேன். மேல் தொட்டி 88. கீழ் ஹோஸ் 71. ஹோஸ் உருண்டையாக இருந்தது. பதினைந்து, இருபது, முப்பது என்று வளைவு ஏற ஏற முள் பாதிக்கு ஒரு நூல் மேலே போய் அங்கேயே நின்றது. கவர்க்கல்லில் பனி இறங்கியிருந்தது, விளக்கைப் போட்டுக்கொண்டு போனேன். ரொட்டிக்கடை என்கிற ஊரில் நிறுத்தி டீ குடித்துவிட்டு அம்மாவுக்கு போன் செய்தேன். இன்றுவரை முப்பது தடவைக்கு மேல் ஏறிவிட்டேன். தண்ணீர் ஊற்றும் கேன் டிக்கியில் இருக்கிறது, திறக்கவில்லை. டீசலும் பழைய கணக்குக்கு வந்துவிட்டது.

போக நினைப்பவர்கள் காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள். வண்டி ஆறியிருந்தால்தான் மூடியைத் திறப்பார், சூடாகக் கொண்டுபோனால் ஒரு மணி நேரம் சும்மா நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை தொழுகைக்குப் பூட்டியிருக்கும். பணம் கையில் கொண்டுபோங்கள். எந்த இடத்தில், எந்த கியரில், எவ்வளவு நேரம் ஓட்டியபின் முள் ஏறுகிறது என்பதை ஒரு காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டு போனால் பாய்க்கு ரொம்ப சந்தோஷம்.